இரண்டு பூட்டா, இரண்டு வாசலா? கைரேகையோடு முகத்தையும் சேர்க்கும் முன்

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. காலை ஷிப்ட் எட்டு மணிக்கு. ஏழே முக்காலுக்கே கைரேகைக் கருவிக்கு முன்னால் வரிசை நிற்கிறது. ஐம்பது வயதைத் தொட்ட ஓர் அம்மா விரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கிறார், மறுபடி சிவப்பு. மூன்றாம் முறை விரலை நெற்றியில் தேய்த்துக்கொண்டு வைக்கிறார். நெற்றியின் எண்ணெய்ப் பசை விரலில் ஒட்டினால் சென்சார் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் தானாகக் கண்டுபிடித்த வைத்தியம். பல நாள் பலிக்கும், அன்று பலிக்கவில்லை. வாட்ச்மேன் சலித்துக்கொண்டே நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார். மாதக் கடைசியில் கருவி 21 நாள் என்றது, நோட்டு 26 நாள் என்றது. நடுவில் நிற்கும் ஐந்து நாள் கூலிக்கு யார் பொறுப்பு?

வருகைப் பதிவுக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. அந்தப் பட்டறையின் முதலாளி மூன்று விலைப்பட்டியல்களை என் முன்னால் போட்டு, "எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார். மூன்றிலும் கைரேகையோடு முகமும் உண்டு, ஒன்றில் கருவிழியும் உண்டு. மூன்றிலும் ஒரே வாசகம்: அடையாளங்களைச் சேர்த்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகும். எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. முடிவெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

கைரேகையும் முகமும் சேர்ந்தே சரியாக வேண்டும் என்று வைத்தால், அது ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு. கைரேகை அல்லது முகம், எது சரியானாலும் போதும் என்று வைத்தால், அது ஓர் அறைக்கு இரண்டு வாசல். இரண்டு வாசல் வைத்த வீட்டுக்குத் திருடன் எந்த வழியாக வருவான் என்று சொல்லத் தேவையில்லை. எது நலிந்த கதவோ அந்த வழியாக வருவான். சந்தையில் விற்கும் பெரும்பாலான 'மல்டி பயோமெட்ரிக்' (பல உடல் அடையாளம் பார்க்கும்) கருவிகள் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதும் இந்த இரண்டாம் முறையில்தான் வேலை செய்கின்றன. அமைப்புகளில் நுழைந்து மாற்றலாம், ஆனால் மாற்றியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் இடத்து எண்களை நீங்கள்தான் அளக்க வேண்டும். 340 தொழிலாளர்கள், வரும்போதும் போகும்போதும் பதிவு, ஆக நாளுக்கு 680 பதிவுகள். உரிய ஆளைக் கைரேகைக் கருவி தவறாகத் தள்ளுவது 100-க்கு 4, முகக் கருவி தள்ளுவது 100-க்கு 3. பொய்யாளை உள்ளே விடுவது கைரேகையில் 1000-க்கு 1, முகத்தில் 100-க்கு 1.

கைரேகை மட்டும் இருந்தால் நாளுக்கு 27 பதிவுகள் தகராறு. இரண்டும் சேர்ந்தே சரியாக வேண்டும் என்றால், இதில் விழுபவர்களும் அதில் விழுபவர்களும் கூடி 100-க்கு ஏறக்குறைய 7. அதாவது நாளுக்கு 47 தகராறுகள். ஆனால் பொய்யாள் நுழைவது லட்சத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிடும். 'எது சரியானாலும் போதும்' என்றால் தகராறு நாளுக்கு ஒன்றுகூட வராது. வாசலில் ஒரே சந்தோஷம். ஆனால் பொய்யாள் நுழையும் வாய்ப்பு 1000-க்கு 11 ஆகிவிடும். முன்பிருந்த தனிக் கைரேகைக் கருவியைவிட பதினொரு மடங்கு மோசம்! இரண்டு அடையாளத்துக்குக் காசு கொடுத்து, காவலைக் குறைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

கருவிழி அடையாள முறைக்குக் கணித அடிப்படை தந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் டாக்மன் இதே எச்சரிக்கையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். வலுவான சோதனையோடு நலிந்த சோதனையை 'ஆம், இல்லை' என்ற முடிவு அளவில் மட்டும் சேர்த்தால், ஒரு பிழை குறையும், மற்றது ஏறும். மொத்தத்தில் வலுவானது தனியாக இருந்தபோது நின்ற நிலையைவிடக் கீழே போய்விடலாம். மேலே உள்ள கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

இந்தப் பெருக்கல் எல்லாம் இரண்டு சோதனைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தோற்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. முகமும் விரலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 'ஒரு விரல் படியவில்லை என்றால் இன்னொரு விரல்' என்று இரண்டு விரல்களைப் பதிந்துவைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. சாயத் தொட்டியில் முழுக் கையும்தான் முங்குகிறது. காஸ்டிக்கும் பெராக்சைடும் ஆள்காட்டி விரலை விட்டுவிட்டுப் பெருவிரலை மட்டும் அரிப்பதில்லை. இரண்டாம் விரல் புதிய சாட்சி இல்லை, முதல் சாட்சியின் தம்பி. கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். கைகளை மாற்றி, வலதில் ஒன்று இடதில் ஒன்று என்று பதிந்தால் சற்று மேல்.

கைரேகை, கருவிழி, முகம்

கைரேகையின் குறை ஏழைகளின் கையில்தான் தெரியும். சிமென்ட் கலவை, செங்கல் சூளை, சாயம், பாத்திரம் தேய்ப்பது என்று ரேகையைத் தின்னும் வேலைகள் நம்மிடம் நிறைய உண்டு. மருந்துகூடத் தின்னும். கேப்சிடபைன் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிட்டுவந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் கைரேகை படியவில்லை என்று நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அவரது மருத்துவர் இதை மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது.

கருவிழியைத் துல்லியத்தில் மிஞ்ச ஆளில்லை என்பார்கள். ஆய்வகத்தில் சரி. ஆனால் 2018-இல் ஆதார் வழக்கின்போது உச்ச நீதிமன்றத்தில் ஆணையத்தின் தலைமை அதிகாரி வைத்த கணக்கில், நாடளவில் கைரேகைச் சரிபார்ப்பு தோற்றது 6 சதவீதம், கருவிழி தோற்றது 8.54 சதவீதம். உயர்ந்த முறை என்று பெயர் வாங்கியது களத்தில் அதிகமாகத் தோற்றிருக்கிறது. கண்ணைக் கருவிக்கு நேரே, சரியான தூரத்தில், இமைக்காமல் வைத்திருக்கச் சொல்லிப் பழக்க வேண்டும். வெயிலில் நின்று வந்தவருக்கு அது எளிதில் வராது. ரேஷன் கடையில் கைரேகை படியாத முதியவருக்குக் கருவிழி ஸ்கேனர் பெரிய உதவி, அங்கே கடைக்காரர் கருவியைக் கையில் எடுத்துப் பிடிக்கிறார். பட்டறை வாசலில் 340 பேருக்கு யார் பிடிப்பது? கருவிழி சேர்ந்த விலைப்பட்டியலை முதலில் ஒதுக்கிவைத்தேன்.

முகத்துக்கு வருவோம். கை கறுத்திருந்தாலும் வெளுத்திருந்தாலும் முகத்துக்குக் கவலையில்லை. எதையும் தொடவும் வேண்டாம். ஆதாரிலேயே முகம் நுழைந்த விதம் கவனிக்கத்தக்கது. 2018 ஜனவரியில் அறிவித்தபோது முகத்தைத் தனியாக ஏற்க மாட்டோம், கைரேகை, கருவிழி, ஓ.டி.பி. இவற்றில் ஒன்றோடு சேர்த்துத்தான் என்றார்கள். அப்படித் துணைக்கு வந்த முகம், 2021 நவம்பரில் ஓய்வூதியர்கள் வீட்டிலிருந்தே செல்பேசியில் உயிர்வாழ் சான்று தரும் அளவுக்குத் தனித்து நின்றுவிட்டது.

ஆனாலும் முகத்துக்கென்று ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட அறிக்கை, அப்போதைய மென்பொருள்கள் பலவற்றில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை ஒருவருக்கு ஒருவராக மாற்றிப் புரிந்துகொள்ளும் பிழை, வெள்ளையர் முகங்களைக் காட்டிலும் 10 முதல் 100 மடங்குவரை அதிகம் என்று சொன்னது. ஒரே ஊரிலிருந்து அண்ணன், தம்பி, ஒன்றுவிட்ட தம்பி என்று கூட்டமாக வேலைக்கு வரும் பட்டறையில் இது ஏட்டுச் சங்கதி இல்லை. இரட்டையர் என்றால் விரலும் கருவிழியும் பிரித்துக் காட்டிவிடும். முகம் கையை விரித்துவிடும்.

போலியையும் பேச வேண்டும். எந்த அடையாளமும் அசைக்க முடியாத கோட்டை இல்லை. 2013-இல் ஐபோன் 5எஸ் வந்த சில நாள்களில் ஜெர்மனியின் ஹேக்கர் குழுவான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் போலிக் கைரேகையால் அதைத் திறந்தது. 2017-இல் அதே குழு, கேமராவின் இரவு முறையில் எடுத்த கண் படத்தின் மேல் ஒரு கான்டாக்ட் லென்சை வைத்துச் சாம்சங் கேலக்ஸி எஸ்8-இன் கருவிழி ஸ்கேனரை ஏமாற்றியது. நம் பக்கத்தில் 2018-இல் தெலங்கானாவில் ஒரு சிம் விற்பனையாளர், பத்திரப்பதிவு இணையதளத்தில் கிடைத்த ஆவணங்களிலிருந்த பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறையிலேயே போலி ரேகை செய்து சிம் கார்டுகளுக்கு உயிர் கொடுத்தார். பட்டறையில் யார் இவ்வளவு மெனக்கெடப் போகிறார்கள் என்று கேட்கலாம். சரிதான், ஆனால் மலிவான முகக் கருவிக்கு மெனக்கெடவே வேண்டாம். முகத்தின் ஆழமோ (மேடுபள்ளமோ) அகச்சிவப்போ பார்க்காத ஒற்றை கேமரா கருவி என்றால், செல்பேசியில் நண்பனின் படத்தைக் காட்டினாலே சில சமயம் பச்சை விளக்கு எரிந்துவிடும். என் கண்ணால் பார்த்தது. 'எது சரியானாலும் போதும்' முறையில் இந்தக் கருவியைச் சேர்த்தால், கைரேகை எவ்வளவு உசத்தியாக இருந்தும் பயனில்லை.

மதிப்பெண்களைக் கூட்டுவது

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. படித்தவர்கள் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள், நியாயமும் இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் உள்ளுக்குள் 'ஆம், இல்லை' என்று யோசிப்பதில்லை. 'எவ்வளவு ஒத்துப்போகிறது' என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. அதற்குப் பிறகுதான் வரம்பைத் தாண்டியதா என்று பார்த்து விளக்கை எரிக்கிறது. விளக்கு எரிந்த பிறகு சேர்க்காமல், மதிப்பெண் அளவிலேயே சேர்த்தால் நிறையத் தகவல் மிஞ்சும்.

அந்த அம்மாவையே எடுத்துக்கொள்வோம். கைரேகைக்கும் முகத்துக்கும் வரம்பு 60 என்று வைப்போம். கைரேகையில் அவருக்கு 52 வந்தது, தோல்வி. முகத்தில் 93 வந்தது. இரண்டும் தேற வேண்டும் என்ற முறையில் அவர் வெளியே நிற்பார். மதிப்பெண் கூட்டும் முறையில், 'விரல் கொஞ்சம் குறைச்சல், ஆனால் முகம் அப்பட்டமாக இவர்தான்' என்று கருவி உள்ளே விடும். இன்னொருவருக்கு விரல் 61, முகம் 62. இரண்டும் நூலிழையில் தேறுகின்றன. கூட்டிப் பார்த்தால் சந்தேகம் வரும், வர வேண்டியதுதான். 1998-இல் ஆராய்ச்சியாளர் ஜோசஃப் கிட்லரும் சகாக்களும் இப்படிச் சேர்க்கும் வழிகளை ஒப்பிட்டபோது, சிக்கலான சூத்திரங்களைவிட வெறுமனே கூட்டுவதே பிழைகளை நன்றாகத் தாங்கியது.

கூட்டுவதற்கு முன் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கருவி 0 முதல் 1 வரை போடும், இன்னொன்று 0 முதல் ஆயிரக்கணக்கில் போடும். படியையும் கிலோவையும் அப்படியே கூட்ட முடியாது. எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை என்பதையும் உங்கள் ஆட்களை வைத்தே பழக்கித் தெரிந்துகொள்ள வேண்டும். நடைமுறையில் எனக்கு இடிக்கும் இடம் வேறு: ரெடிமேடாக விற்கும் கருவிகளில் பல இந்த மதிப்பெண்ணை வெளியே காட்டுவதே இல்லை. இரண்டு கம்பெனிக் கருவிகளை வாங்கி ஒட்டவைக்கலாம் என்ற கனவு அங்கேயே முடிந்துவிடும். தனியாக மென்பொருள் எழுதவைத்தால் ஒழிய இது வங்கிக்கும் விமான நிலையத்துக்கும் ஆன வழி. எழுதவைத்தாலும் ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வையுங்கள். இல்லாவிட்டால் போலி முகத்தால் 99 வாங்கியவன், விரலில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் கூட்டலில் கரையேறிவிடுவான்.

படங்களையே, அல்லது படத்திலிருந்து எடுத்த கூறுகளையே ஒன்றாக ஒட்டிச் சேர்ப்பது என்று இன்னொன்றும் உண்டு. ஆராய்ச்சி அறைச் சமாசாரம், நமக்கு வேண்டாம்.

வரிசைமுறை என்பது இவற்றுக்கு நடுவில் நிற்பது. முதலில் ஓர் அடையாளம். தெளிவாகத் தேறினால் விட்டுவிடு, தெளிவாகத் தோற்றால் நிறுத்து, இடைப்பட்டால் மட்டும் அடுத்ததைக் கேள். பெரும்பாலானவர்கள் ஒரு முறையோடு போய்விடுவார்கள், வரிசை நகரும். கவனம்: 'தோற்றால் அடுத்தது' என்று மட்டும் வைத்தால் அது மறுபடி இரண்டு வாசல்தான். சாம்சங் 2018-இல் கேலக்ஸி எஸ்9-இல் முகத்தையும் கருவிழியையும் சேர்த்து இப்படி ஒன்று கொண்டுவந்தது. முதலில் முகம், முடியாவிட்டால் கருவிழி, அதுவும் முடியாவிட்டால் இரண்டும் சேர்த்து. வசதிக்காகத்தான், காவலுக்காக அல்ல. அடுத்த ஆண்டு எஸ்10-இல் கருவிழி ஸ்கேனரையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது அடையாளத்துக்கு முன் ஓர் அட்டை

யாரும் விலைப்பட்டியலில் எழுதாத, மிக மலிவான வழி ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டறைக் கருவியில் விரலை வைத்தால், அது 340 பேரின் ரேகைகளோடும் ஒப்பிட்டு 'இவர் யார்' என்று தேடுகிறது. ஒருவரோடு ஒப்பிடும்போது பத்தாயிரத்துக்கு ஒரு முறைதான் தவறும் என்று வைத்தாலும், 340 பேரோடு ஒப்பிட்டால் யாரோ ஒருவரோடு தவறிப் பொருந்தும் வாய்ப்பு 100-க்கு 3-க்கு மேல். அதற்குப் பயந்து வரம்பை உயர்த்தினால், தேய்ந்த விரல்காரர்கள் கூண்டோடு வெளியே. வரும்போதே அட்டையைக் காட்டினாலோ எண்ணைத் தட்டினாலோ கேள்வி மாறிவிடும்: 'இவர் 217-ஆம் எண்காரர்தானா?' ஒரே ஒரு ஒப்பீடு. வரம்பைத் தாராளமாக இறக்கலாம். அந்த அம்மாவின் 52 தேறிவிடும். அட்டையை மறந்துவிட்டு வருவார்கள், தொலைப்பார்கள், ஒருவர் அட்டையை இன்னொருவர் கொண்டுவருவார். உண்மை. ஆனால் கொண்டுவந்தவரின் விரல் வேறு.

முதலாளியிடம் நான் சொன்னது இது. அவர் ஒரு பட்டறைக்கு ஒரு முடிவு கேட்கிறார். ஆனால் அங்கே இரண்டு கதவுகள் இருக்கின்றன. வாசல் கதவில் பெரிய இழப்பு, வந்தவரை வரவில்லை என்று எழுதுவது. ஒருவர் பதிலுக்கு இன்னொருவர் பதிவதும் உண்டு, ஆனால் வரிசையில் நிற்கும் மேஸ்திரிக்கு எல்லா முகமும் தெரியும். அங்கே அட்டை, அதோடு முகம். முகம் தேறாவிட்டால் விரல். அதுவும் தேறாவிட்டால் மேஸ்திரி கையெழுத்தோடு நோட்டு, அன்றே கணினியில் ஏற்றிவிட வேண்டும். இரண்டு வாசல் முறைதான், தெரிந்தே தேர்ந்தெடுத்தது. பொய்யாள் முதலில் ஓர் அட்டையைத் திருட வேண்டும், பிறகு மேஸ்திரியின் கண்ணையும் தாண்ட வேண்டும். முகக் கருவியில் ஆழம் பார்க்கும் கேமரா கட்டாயம்.

சாயமும் ரசாயனமும் வைத்திருக்கும் குடோன் கதவு வேறு. அங்கே போக வேண்டியவர்கள் எட்டே பேர், நாளுக்கு இருபது முறை திறப்பார்கள். அங்கே இரண்டு பூட்டு: முகமும் விரலும் சேர்ந்தே தேற வேண்டும். 100-க்கு 7 தோல்வி என்றாலும் நாளுக்கு ஒன்றிரண்டு முறை யாரோ மறுபடி விரல் வைக்க வேண்டியிருக்கும். யாருடைய கூலியும் அதில் போகாது.

அவர் கேட்டார், "அப்படியென்றால் இந்த மூன்று பட்டியலில் எதுவும் வேண்டாமா?" நடுவில் இருந்ததை எடுத்துக்கொள்ளலாம், அதில் 'சேர்ந்தே தேற வேண்டும்' என்ற அமைப்பைக் கதவுக்குக் கதவு மாற்ற முடியும் என்றேன். ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். வேலையை விட்டுப் போனவரின் முகமும் விரலும் கருவியிலிருந்தும் கணினியிலிருந்தும் அன்றே அழிக்கப்பட வேண்டும். கடவுச்சொல் கசிந்தால் வேறு வைக்கலாம். விரலுக்கு மாற்று விரல் கொடுக்க யாரிடமும் கடை இல்லை. இரண்டு அடையாளம் வைத்திருப்பவரிடம் கசிவதற்கும் இரண்டு இருக்கிறது. பழைய கருவியில் போய்ப் பார்த்தால், மூன்று வருஷத்துக்கு முன் ஒடிசாவுக்குத் திரும்பிவிட்டவர்களின் ரேகைகள்கூட அப்படியே கிடந்தன.

நீங்களும் இப்படி ஒரு முடிவின் முன் நிற்கிறீர்கள் என்றால், விற்பனையாளர் டெமோ காட்ட வருவதாகச் சொல்லும் நேரத்துக்குச் சம்மதிக்காதீர்கள். அவர் காலை பதினொரு மணிக்கு, குளிரூட்டிய அலுவலக அறையில், கணக்குப்பிள்ளையின் மெத்தென்ற விரலை வைத்துக் காட்டுவார். கருவியை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டு வாசலிலேயே மாட்டுங்கள். சாயத் தொட்டி ஷிப்ட் முடிந்து ஈரக் கையோடு ஆட்கள் வெளியே வரும் நேரம், அந்தி வெயில் கேமராவுக்கு நேரே அடிக்கும் நேரம், பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். எத்தனை பேர் விரலை நெற்றியில் தேய்க்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள்.